கரண்ட் வைத்த கிழங்கு

எங்கள் ஊர்ப்பக்கம் கதிர்வீச்சு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். 'அந்தப் புள்ளைக்குக் கரண்ட் வெக்கறாங்களாமா' என்று ஒருத்தி சொன்னால், கேட்பவள் உச்சுக்கொட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். என்ன வியாதி என்று மேற்கொண்டு கேட்க அவசியமே இருக்காது. எனக்கு முப்பது வயது நிறைவதற்கு முன்பே அந்தப் பேச்சு என்னைப் பற்றி நடந்தது. கர்ப்பப்பை வாயில் கட்டி. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்தக் கோடை முழுக்க எனக்குக் கரண்ட் வைத்தார்கள்.

கரண்ட் என்றதும் ஷாக் அடிக்கும் என்றுதான் நான் பயந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. தடித்த கதவு போட்ட ஓர் அறை, நடுவில் ஒரு மேசை, அதற்கு மேலே தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய மிஷின். என்னைப் படுக்கவைத்து, வயிற்றில் மையால் போட்டிருந்த கோடுகளுக்கு நேராக மிஷினைத் திருப்பிவிட்டு, அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கதவு மூடும். எங்கோ ஒரு சின்ன இரைச்சல் கேட்கும். வெளிச்சம் இல்லை, சூடு இல்லை, வலி இல்லை. வலிக்காத ஒன்றுக்கு இத்தனை பேர் எதற்கு இப்படி ஓடுகிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வலியெல்லாம் பிறகு வந்தது. தோல் கருகியது, சோறு இறங்கவில்லை, ஒண்ணுக்குப் போனால் உயிர் போய் உயிர் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு பெரிய டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார். விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா, இருக்காதல்லவா, இதுவும் அப்படித்தான் என்றார். மிஷினை நிறுத்தியதும் கதிர் போய்விடும், உடம்பில் தங்காது, யாருக்கும் ஒட்டாது, யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம், குழந்தைகளைத் தூக்கலாம் என்றார். அதே குரலில், அதே மூச்சில், இனி மாதவிலக்கு வராது, குழந்தையும் பிறக்காது என்றும் சொன்னார். எங்களுக்கு அதுவரை குழந்தை இல்லை. டாக்டருக்கு வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

வராந்தாவில் வைத்து என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியெல்லாம் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடிக்கிறவர் இல்லை. "நீ இருந்தாப் போதும் புள்ள. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். அன்றைக்கு அவர் அதை மனதாரச் சொன்னார். இன்றைக்கும் நான் அதில் சந்தேகப்படவில்லை.

எங்கள் ஊடு மலைமேல், சோலூரிலிருந்து இறங்கும் சரிவில் இருக்கிறது. என் மாமனார் காரமடைப் பக்கத்திலிருந்து கூலிக்கு மலையேறி வந்தவர். சிறுகச் சிறுக நிலம் வாங்கித் தேயிலை நட்டு, செடிகள் தலையெடுத்த பிறகு கண்ணை மூடினார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள், ஆனால் வாசலோடு நின்றுகொண்டார்கள். கரண்ட் ஏறின உடம்பாம். தூக்கி வைத்திருந்த பிள்ளைகளை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். மாமியார் எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்துவைத்தார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாவம், பயம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். வாசலில் கூட்டம் நின்றுகொண்டிருக்கும்போதே, நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பியை அந்தத் தனி டம்ளரிலேயே எடுத்துக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அதற்குப் பிறகு டம்ளர் பிரித்து வைக்கிற பேச்சு எடுபடவில்லை.

என் உடம்பு கெட்ட அதே காலத்தில்தான் தேயிலையும் கெட்டது. பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த விலை பறிக்கிற கூலிக்குக்கூடக் காணவில்லை. பாக்டரிகள் கொழுந்து வேண்டாம் என்று கேட்டைச் சாத்தின. ஏஜென்ட் லாரி ஒருநாள் வரும், மறுநாள் வராது. வராத நாளில் மூட்டைக்குள் கொழுந்து வெந்து கறுத்துப்போகும். சிலர் ரோட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், பஸ்கள் அதன்மேல் ஏறிப் போயின. பறிக்காமல் விட்ட செடிகள் மேல்நோக்கி மரமாக வளர ஆரம்பித்தன. ஒவ்வொரு ஊடாகப் பூட்டு தொங்கியது. எல்லோரும் திருப்பூருக்குப் போனார்கள். பனியன் கம்பெனி எல்லோரையும் எடுத்துக்கொள்ளும், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை, வாடகைக்கு ஓர் அறை. போனவர்கள் பொங்கலுக்கு வந்தபோது கறுத்து இளைத்திருந்தார்கள், ஆனால் கையில் ரொக்கம் இருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் கீழே இறங்குவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். கீழே போய் அந்த வெக்கையில் மிஷின் முன்னால் நிற்க என்னால் முடியாது என்பது ஒரு காரணம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்ன காரணம், அப்பன் வாங்கின மண்ணைப் பூட்டு போட்டுவிட்டுப் போகமாட்டேன் என்பது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போடப்போகிறேன் என்றார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தச் செடி ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் சுமந்தவர் அவர். தேயிலை என்ன குலதெய்வமா, சோறு போடாததை எதற்குக் கும்பிடுவது என்று இவர் கேட்டார். ஆனால் என்னிடம் மட்டும் தனியாக, இந்தப் போகம் கைவிட்டால் நாமும் போகவேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். ஆக, நாங்கள் அங்கே இருப்பதா இறங்குவதா என்பது அந்தக் கிழங்கின் கையில் இருந்தது.

தேயிலை வேர் லேசில் விடாது. அவர் தனியாளாகக் கடப்பாரை போட்டு நெம்பி, கயிறு கட்டி இழுத்து, ஒவ்வொரு செடியாகப் பெயர்த்தார். கனமானதைத் தூக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிற ஒன்றை வேரோடு எடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், அதனால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. பிடுங்கிய வேர்களை மாமியார் விறகுக்கு அடுக்கினார். பல மாதங்களுக்கு எங்கள் அடுப்பில் மாமனார் நட்ட தேயிலைதான் எரிந்தது.

அடுத்தது விதை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிழங்கு விவசாயம் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பரம்பரையாகக் கிழங்கு போடுகிறவர். விதைக்கிழங்கை அவர் தட்டுகளில் பரப்பி, லேசான வெளிச்சம் படும்படி வைத்திருப்பார். கிழங்கு சுருங்கி, தோல் தளர்ந்து, ஊதா நிறத்தில் குட்டை குட்டையாக முளை விட்டிருக்கும். என் வீட்டுக்காரர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். வாடின சரக்கு என்றார். நான் அதை எப்படிக் குறை சொல்வது? பிறந்ததிலிருந்து கொழுந்து பறித்துக் கொடுத்தவர் அவர். கொழுந்து வாடினால் பாக்டரியில் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள், விறைப்பாகப் புதுசாக இருந்தால்தான் எடுப்பார்கள். எதையும் அந்தக் கண்ணால்தான் அவருக்குப் பார்க்கத் தெரியும். தேயிலைக்காரன் ஒருவன்தான் முளைவிட்ட விதையைக் கெட்டுப்போனது என்று ஒதுக்குவான்.

என் அண்ணன் மேட்டுப்பாளையத்தில் ஒரு கிழங்கு மண்டியில் வேலை பார்த்தான். எனக்கு உடம்பு இப்படி ஆனதிலிருந்து அவனுக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கும், ஏதாவது செய்யவேண்டும் என்று தவிப்பான். வடக்கேயிருந்து வந்த ஒரு லோடில் சில மூட்டைகள் தனியாக வந்திருந்தன. எத்தனை மாதம் கிடந்தாலும் அழுகாத, சுருங்காத கிழங்கு என்று மண்டியில் பேசிக்கொண்டார்களாம். முதலாளியிடம் கெஞ்சி அந்த மூட்டைகளை வாங்கி, வேனில் ஏற்றி, அவனே கூட உட்கார்ந்து மலையேறி வந்தான். அவிழ்த்துக் காட்டியபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே அளவு, மஞ்சள் தோல், அமுக்கினால் கல் போல இருந்தது. ஒன்றில்கூட ஒரு முளை இல்லை.

மூட்டையில் பச்சை மையில் ஒரு படம் அச்சடித்திருந்தது. மேல் பாதியை மட்டும் விட்டு விட்டுக் கோடாக வரைந்த ஒரு வட்டம். அதற்குள் இரண்டு இலை, இலைகளுக்கு நடுவே மேலே ஒரு உருண்டை. படத்துக்குக் கீழே இந்தியிலும் இங்கிலீஷிலும் பொடிப்பொடியாக எழுத்து. எழுத்தை யாரும் படிக்கவில்லை. படம்தான் தெளிவாக இருந்ததே. பக்கத்துத் தோட்டத்துக்காரர், எலெக்‌ஷன் வந்துவிட்டதா என்று கேலி செய்தார். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, "இங்க பாரு புள்ள, நம்ம ரெண்டு இலை ஒரு கொழுந்து. நல்ல வெதைன்னு போட்டுருக்காங்க" என்றார். தேயிலைக்காரர்களுக்கு அந்தப் படம் சாமி படம் மாதிரி. டீத்தூள் பாக்கெட், பாக்டரி போர்டு, சங்கத்துக் காலண்டர் என்று எங்கே பார்த்தாலும் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்தான். அது இருந்தால் சரக்கு நல்லது. அதற்குமேல் எங்களுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

ஆவணியில் நடுகிற கடைபோகத்துக்கு நட்டோம். எங்கள் பக்கத்தில் முதல் விதையைப் பிள்ளை பெற்றவள் கையால் போடச் சொல்வது வழக்கம். மாமியார் யாரையோ கூப்பிட்டுவரக் கிளம்பினார். இவர் தடுத்துவிட்டார். இந்த ஊட்டுக்காரி இருக்கும்போது வெளியிலிருந்து எதற்கு ஆள் என்று சொல்லி, கிழங்கை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக் குழியில் வைத்தேன். மாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மண் ஈரமாக, கறுப்பாக, வாசனையாக இருந்தது. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு என் கையில் யாரும் அப்படி ஒன்றைக் கொடுத்து நம்பியதில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் சீக்கிரமே பச்சை தட்டியது. எங்களுடையது கறுப்பாகவே கிடந்தது. மேல் சரிவு, குளிர் ஜாஸ்தி, கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிக்கொண்டோம். அவர்கள் செடிகளைச் சுற்றி மண் அணைத்தார்கள். அவர்கள் செடியில் பூ எடுத்தது. எங்கள் பாத்திகளில் களை மட்டும் நன்றாக வந்தது. காலையில் எழுந்ததும் அவர் முகம் கழுவாமல் நேரே தோட்டத்துக்குப் போவார். குனிந்து குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். விதைத்தவன் உறங்கினாலும் விதை உறங்காது என்பார்கள். எங்கள் வீட்டில் விதைத்தவர் உறங்கவில்லை, விதை நன்றாக உறங்கியது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஒரு குழியைத் தோண்டிப் பார்த்தார். கிழங்கு வைத்த மாதிரியே இருந்தது. துடைத்தால் அன்றைக்கு மூட்டையில் பார்த்த அதே மஞ்சள் தோல். இன்னொன்றைத் தோண்டினார். அதுவும் அப்படியே. சில அழுகியிருந்தன, மற்றதெல்லாம் கேட்பாரற்று உள்ளே கிடந்தன. மாமியார் அடுப்படியில் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, வழக்கத்தை மீறினால் இப்படித்தான், எந்தக் கையால் போட்டோமோ அந்தக் கை மாதிரிதானே ஆகும் என்று முணுமுணுத்தார். இவர் காதில் விழுந்து, தாயென்றும் பாராமல் சத்தம் போட்டார்.  எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்திருக்கிறேன். மருந்து வாசனை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று.

தோட்டக்கலை ஆபீசிலிருந்து ஒரு பெண் ஆபீசர் பக்கத்துத் தோட்டத்தில் இலைக்கருகல் பார்க்க வந்திருந்தார். சின்ன வயது, கீழ்நாட்டுப் பெண், ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்வெட்டர் போட்டிருந்தார். இவர் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார். அந்தப் பெண் கிழங்கைக் கத்தியால் அறுத்துப் பார்த்தார். முளை வருகிற கண் இருக்கும் இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். மூட்டை இருக்கிறதா என்று கேட்டார். விறகின்மேல் போர்த்தியிருந்த சாக்கை மாமியார் உருவிக்கொண்டு வந்து கொடுத்தார். அதைத் தரையில் விரித்து, சேற்றைத் துடைத்துவிட்டு, பொடி எழுத்தைப் படித்தார். முகத்தில் இரக்கம் வந்துவிட்டது.

"இது வெதைக்கிழங்கு இல்லைங்க. சாப்பிடற கிழங்கு. முளைக்கக்கூடாதுன்னே கதிர்வீச்சு காட்டி அனுப்பியிருக்காங்க. அதுக்குத்தான் இந்தப் படம்" என்றார்.

இவருக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "கதிர்வீச்சுன்னா... ஆஸ்பத்திரில கரண்ட் வெப்பாங்களே, அதுங்களா?"

அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. படித்ததைச் சொல்லிக்கொடுக்கிற ஆர்வத்தில், "ஆமாங்க, கிட்டத்தட்ட அதேதான்" என்றார். வளர்கிற இடத்தில் இருக்கும் உயிரை மட்டும் அது கொன்றுவிடும், மற்றபடி கிழங்குக்கு ஒரு குறையும் இல்லை, ருசிகூட மாறாது, பல மாதம் அப்படியே இருக்கும் என்றார். எல்லாவற்றையும் தோண்டி எடுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிடலாம், மண்ணுக்கும் ஒன்றும் ஆகாது, தை மாசம் தண்ணீர் பாய்ச்சிப் போடுகிற நீர்போகத்துக்கு நல்ல விதையாக வாங்கி நடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மாமியாரும் இவரும் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான். என் கை இல்லை. என் கையால் போனதில்லை. ஒரு போகம் போய்விட்டது, தேயிலையும் போய்விட்டது, நானோ விடுதலையானவள் மாதிரி அடுப்படியில் வளையவந்தேன். அன்று சாயந்திரம் நானே தோண்டி எடுத்து வந்த கிழங்கில் மசாலா போட்டு வறுத்தேன். ஆபீசரம்மா சொன்னது சரி, ருசியில் குறையே இல்லை. மாமியார் தயங்கித் தயங்கித் தின்றார். இவர் கிழங்கைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துபோனார்.

அதன் பிறகு அவர் தோட்டத்துக்குள் காலை வைக்கவில்லை. வரப்பிலேயே நின்றுவிட்டுத் திரும்புவார். அத்தனை மூட்டைக் கிழங்கிலும் இருந்த கரண்ட் மழையோடு இறங்கி மண்ணில் கலந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முதலில் அதைச் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனுஷர், தன் அறுவடையில் விதைக்கு ஒதுக்குவதில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "செத்த மண்ணுல போட்டு உங்க வெதையையும் எதுக்குங்க வீணாக்கறது" என்று இவர் சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கியது. ஊரில் பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும். எங்கள் தோட்டத்து ஓரமாகப் புல் அறுக்கிறவர்கள் தள்ளிப் போய் அறுத்தார்கள். மாட்டை அந்தப் பக்கம் விடவில்லை.

அண்ணன் கேள்விப்பட்டு ஓடி வந்தான். வாசலில் உட்கார்ந்து, மாப்பிள்ளை என்னை மன்னித்துவிடுங்கள் என்று பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். இவர் அவனைத் திட்டவில்லை. காப்பி கொடுக்கச் சொன்னார், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவனே சொல்லும்வரை மரியாதையாகக் கூட உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் அவன் நிம்மதியாகப் போயிருப்பான். பஸ் ஏற்றிவிட்டு வந்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி. அதைத் தூசி தட்டி, திருப்பூருக்குப் போன பழைய கூட்டாளிக்குச் சொல்லிவிட்டிருப்பதாகவும், பொங்கல் கழிந்ததும் போகலாம் என்றும் சொன்னார். முகத்தில் கோபம் துக்கம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மாமியார் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் அவரிடம் வாதாடினேன். நான் அவ்வளவு பேசுகிறவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஆபீசரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். விளக்கை அணைத்தால் வெளிச்சம் மிச்சம் இருக்காது என்றாரே. நான் ஒரு கோடை முழுக்க அதற்குக் கீழே படுத்திருந்தவள், என்னிடமிருந்து யாருக்காவது எதுவாவது ஒட்டியதா? என் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தீர்களே, உங்களுக்கு என்ன ஆயிற்று? ஊரே பயந்தபோது நீங்கள் ஒருவர்தானே பயப்படவில்லை. "என்ற உடம்புல தங்காதது மண்ணுல மட்டும் எப்படிங்க தங்கும்? எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே. நல்லாத்தானே இருக்கறேன்" என்றேன்.

அவர் பெட்டியின் தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நல்லாத்தான் இருக்கற. அந்தக் கெழங்கும் நல்லாத்தான் இருக்குது" என்றார். கொஞ்சம் கழித்து, "உனக்குள்ள அப்புறம் என்ன புள்ள மொளைச்சுது?" என்றார்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. விவசாயி விவசாயியிடம் கேட்கிற மாதிரி கேட்டார். என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்துக் கேட்ட மாதிரிகூட இருந்தது.  வராந்தாவில் கையைப் பிடித்துச் சொன்னது பொய்யா என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அது பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. ஒரே மனுஷன் இரண்டையும் நெஞ்சிலிருந்து சொல்லமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சண்டை போட்டு அழுதிருந்தால் ஆறியிருப்பேனோ என்னவோ. எனக்கு வந்தது வீம்பு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மனைவியிடம் ஒரு கை பீன்ஸ் விதை கேட்டு வாங்கிவந்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கிழங்கு கிடந்த பாத்திகளில், கிழங்கை எடுத்துவிட்டு, அதே குழிகளில் விதையை ஊன்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. முந்தானைக்குள் சின்னக் குடத்தை மறைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் விட்டேன். முளைக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். மண் செத்தது என்று அவர் சொன்னது ஊர்ஜிதமாகும். இல்லையென்றால் என் கை என்று மாமியார் சொன்னது ஊர்ஜிதமாகும். எப்படியும் எனக்குத் திருப்பூர். தெரிந்தேதான் ஊன்றினேன். 

உறைபனி விழாத ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது மண் வெடித்திருந்தது. வெடித்த இடத்தில் ஒரு தண்டு கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. தலை இன்னும் மண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அடுத்த குழியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு இலையே விரிந்திருந்தது. பாத்தி முழுக்க வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் ஓடியதே இல்லை, அன்றைக்கு அடிவயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவரைப் பேசவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் வரப்பில் நின்றார். பிறகு உள்ளே இறங்கினார். மண்டி போட்டு உட்கார்ந்து, மாட்டிக்கொண்டிருந்த ஒரு முளையின் தலையைச் சுற்றி மண்ணை விரலால் மெல்ல விலக்கிவிட்டார். ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். மாமனார் செத்தபோதுகூட அழாத மனுஷன் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சத்தம் போட்டுத் தன் அம்மாவைக் கூப்பிட்டார், பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார். மண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க, எல்லாம் மொளைக்குதுங்க என்று சரிவு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். மேலே புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமியார் ஈரக்கையோடு ஓடி வந்து, முளைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்றைக்கும் இல்லாத இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது. நான் செய்து முடித்தது என்ன என்பது மாமியார் அப்படிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மண்ணுக்கும் குறையில்லை, கைக்கும் குறையில்லை என்று நானே ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறேன். இனி முளைக்காதது என் வயிறு ஒன்றுதான்.

என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. கையிலிருந்த மண்ணை எனக்கு நீட்டி, "ஒண்ணும் ஆகலே புள்ள. பாத்தியா. நமக்கப்புறமும் இந்த மண்ணு நிக்கும்" என்றார்.

"யாருக்குங்க?" என்றேன்.

கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. பிறகு கையிலிருந்த மண்ணைப் பாத்தியில் தூவிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விதைக்கிழங்கு கேட்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். நாங்கள் கீழே இறங்கவே இல்லை. அந்த வருஷத்து நீர்போகம் நன்றாக விளைந்தது.